ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சு உண்டா? டஸ்ட் டீ கூட்டிப் பெருக்கியதா?

கேட்டவர் ஊட்டிக்குச் சுற்றுலா வந்து திரும்பிய மதுரைக்காரர். கடை கடையாக ஏறி இறங்கி 4 பொட்டலம் டீத்தூள் வாங்கியிருக்கிறார். ஒன்றில் 'ஆர்த்தடாக்ஸ்', ஒன்றில் 'சிடிசி', மூன்றாவதில் 'ஆரஞ்சு பீக்கோ', கடைசியில் 'சூப்பர் ரெட் டஸ்ட்'. இவற்றுக்கெல்லாம் என்ன பொருள், எது உயர்ந்தது, டஸ்ட் என்றால் தரையில் கூட்டியதா என்று கேட்கிறார். போகிற போக்கில் ஹோம் மேட் சாக்லேட்டையும் வர்க்கியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் 11 வருடம் வேலை பார்த்தவன். சொந்தத் தோட்டம் இல்லாமல், சுற்றியிருக்கும் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையைக் கிலோக் கணக்கில் வாங்கித் தூளாக்கும் இடத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். அங்கே முதல் 3 வருடம் நான் இருந்தது சலிப்பு அறையில். அதனால் டஸ்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சொல் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

டிரையரிலிருந்து வரும் தேயிலை ஒரே குவியலாகத்தான் வரும். அதில் மிளகளவு குருணையும் இருக்கும், ரவை போன்றதும் இருக்கும், கோலப்பொடி போன்றதும் இருக்கும். அடுக்கடுக்காகச் சல்லடை வைத்த எந்திரம் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பிரிக்கும். மேல் சல்லடையில் நிற்கும் குருணைக்கு பிபி (புரோக்கன் பீக்கோ), பிஓபி (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) என்று பெயர். அதற்குக் கீழே பீக்கோ டஸ்ட். இன்னும் கீழே டஸ்ட், ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று நுணுகிக்கொண்டே போகும். எல்லாம் ஒரே நாள் பறித்த ஒரே இலை. பெயர் சொல்வது சல்லடைக் கண்ணின் அளவை மட்டும்தான். அரிசி ஆலையில் முழு அரிசி, குருணை, நொய் என்று பிரிக்கிறார்களே, அதே வேலை. ஆனால் நொய்க்கு விலை குறைவு. டஸ்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 1963 முதல் குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. பெரிய குருணையைவிட டஸ்ட் கூடுதல் விலைக்குப் போன வாரங்களை நானே பட்டியலில் பார்த்திருக்கிறேன். பொடி நுணுக்கமாக இருந்தால் தண்ணீர் படும் பரப்பு அதிகம். சாயம் சட்டென்று இறங்கும். ஒரு துணி வடிகட்டியில் 20 கிளாஸ் ஆற்ற வேண்டிய டீக்கடைக்காரருக்கு அதுதான் கட்டுப்படியாகும். தமிழ்நாடும் கேரளாவும் டஸ்டில்தான் பொழுது விடிகின்றன.

அப்படியானால் நிஜமான கழிவு எது? காம்பும் நாரும் பஞ்சும்தான். சலிப்பு அறையில் அதைப் பிரிக்கும் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தூள் ஓடும் தட்டுக்கு மேலே பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உரசியபடி சுழலும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குவோமே, அந்தப் பள்ளிக்கூட விளையாட்டுதான். செந்நிற நார்கள் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். கறுத்த தூள் கீழே ஓடிவிடும். இந்த நாருக்குத்தான் டீ வேஸ்ட் என்று பெயர். இதைக் குடிக்கிற தேயிலையாக விற்கக் கூடாது. 1959 முதலே அதற்குத் தனிக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. டஸ்ட் வேறு, வேஸ்ட் வேறு.

ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சுப் பழமும் இல்லை, தோலும் இல்லை. பீக்கோ என்பது சீனச் சொல்லின் திரிபு. கொழுந்தின் நுனி மொட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் பூனைக்குட்டிக் காதைப் போல வெள்ளை ரோமம் தெரியும். அந்த வெண் ரோமத்தைக் குறிக்கும் சொல் அது. ஆரஞ்சு என்பது டச்சு அரச குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்று தேயிலைக்காரர்கள் சொல்வார்கள். இன்றைக்கு அந்தப் பெயரின் பொருள் ஒன்றே: உடையாமல் நீளமாகச் சுருண்ட இலை. அது உடைந்தால் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ, அதாவது பிஓபி. (நீலகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் நூல்கோலில் நூலும் இல்லை, கோலும் இல்லை. டச்சுக்காரரின் 'க்னோல்கோல்' நம் வாயில் பட்ட பாடு அது. நீங்கள் சவ்சவ் என்பதை நாங்கள் மேரக்காய் என்போம், பெங்களூர்க் கத்திரிக்காய் என்பவரும் உண்டு. அது கத்திரிக்காயும் அல்ல.)

ஆர்த்தடாக்ஸ், சிடிசி இரண்டும் செய்முறையின் பெயர்கள். ஆர்த்தடாக்ஸ் என்பது பழைய முறை. வாடிய இலையை உருட்டும் எந்திரத்தில் போட்டு, கையால் கசக்குவதைப் போல அழுத்திச் சுருட்டுவது. என் மாமனார் அதை 'ஆசாரமான டீ' என்பார். சிடிசி 1930களில் அசாமில் பிறந்தது. பல் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராக, ஒன்று மெதுவாக ஒன்று வேகமாகச் சுழலும். இடையில் விழும் இலையை வெட்டிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கிவிடும். அந்த மூன்று வினைகளின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். ஆர்த்தடாக்ஸில் மணம், சிடிசியில் சாயமும் கட்டியும். பால் ஊற்றினால் ஆர்த்தடாக்ஸின் மணம் அமுங்கிவிடும். அதனால் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு, நீங்கள் பால் ஊற்றுவீர்களா என்பதுதான் என் எதிர்க்கேள்வி.

பொட்டலத்தில் இருக்கும் சொற்கள் ஏமாற்றுவதைவிட நாமே பழக்கத்தில் சொல்லும் ஒரு சொல் அதிகம் ஏமாற்றுகிறது. அது 'ஸ்டிராங்'. எனக்கு அது புரிந்தது ஒரு மின்வெட்டில். அரைத்த இலை பச்சையாக வந்து, பரப்பி வைத்தால் காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும். இதைப் ஃபெர்மெண்டேஷன் என்று சொல்கிறார்கள், அதுவே தவறான பெயர். இட்லி மாவு புளிப்பதைப் போல இதில் நுண்ணுயிர் வேலை இல்லை. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அந்த ஜாதி. சிடிசி இலைக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே போதும். அன்றைக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, டிரையரில் போட வேண்டிய இலை 3 மணி நேரம் கிடந்துவிட்டது. மறுநாள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் என்னைக் கூப்பிட்டு இரண்டு கோப்பைகளை முன்னால் வைத்தார்.

"எது நன்றாக இருக்கிறது தம்பி?"

ஒன்று சிவப்பு. இன்னொன்று கன்னங்கறுப்பு. கறுப்பைக் காட்டி, "இதுதான் அண்ணா ஸ்டிராங்" என்றேன்.

"குடித்துப் பார்."

குடித்தேன். துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. சிவப்பு டீ நாக்கின் இரு ஓரத்திலும் சுருக்கென்று பிடித்தது. "நிறம் வேறு, கடி வேறு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இலை காற்றில் நிற்கும்போது முதலில் தியாஃப்ளேவின் என்ற பொருள் உருவாகிறது. பளிச்சென்ற நிறமும் அந்தச் சுருக்கும் அதனால் வருபவை. நேரம் போகப் போக அது தியாரூபிஜினாக மாறுகிறது. கருமையும் கட்டியும் கூடும், கடி போய்விடும். சுவைப்பவர்கள் கடியைப் 'பிரிஸ்க்' என்பார்கள். அது இல்லாத டீ 'ஃபிளாட்'. நாக்கில் கனமாக உட்கார்ந்தால் 'பாடி'. கோப்பையில் இருக்கும் திரவம் 'லிக்கர்'. சாராயம் என்று நினைத்து என் அம்மா ஒருமுறை பதறிப்போனார். மூடியில் கவிழ்த்துப் பார்க்கும் வெந்த இலை 'இன்ஃப்யூஷன்'. அது புதுச் செப்புக்காசு நிறத்தில் மினுங்க வேண்டும். சர்வதேச முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். பிறகு கரண்டியால் எடுத்து, விருந்தில் செய்தால் அடி விழும் அளவுக்குச் சத்தம் போட்டு உறிஞ்சித் துப்புவார்கள்.

கொதிநீர் என்றதும் இன்னொன்று. ஊட்டியில் குடித்த டீ மதுரையில் வரவில்லை என்று பலர் குறைப்படுவது உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொடைக்கானலிலும் அதே கதை. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். கொதி என்பது ஒரே சொல், மலையில் ஒரு சூடு, சமவெளியில் ஒரு சூடு. ஊரில் அதே தூளை அதே நேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு கூடுதலாக இறங்கும். அரை நிமிடம் முன்னதாக இறக்குங்கள்.

சொல்லால் வந்த வினை என் வீட்டிலும் ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களில் ஒன்று என் மனைவியுடையது. கல்யாணமான புதிதில் அத்தை, "மாப்பிள்ளை, ரொட்டி சுட ஒரு கிலோ கோதுமை மாவு வாங்கி வாருங்கள்" என்றார். நான் வாங்கிப் போனதைப் பிரித்து, விரலில் தடவிப் பார்த்து, "இது ஆட்டா மா அல்லவா?" என்றார். அவர்கள் பேச்சில் கோதுமை மா என்றால் நம் மைதா. நாம் கோதுமை மாவு என்பது அவர்களுக்கு ஆட்டா. தேங்காய்ப்பூ போட்டுத் தடியாகச் சுடும் அந்த ரொட்டிக்கு மைதாதான் வேண்டும். மீண்டும் கடைக்கு நடந்தேன், நல்ல மழை. திரும்பி வந்தபோது பாலில்லாத தேத்தண்ணி கொடுத்தார். அவர்கள் அதைப் பிளேன்டீ என்பார்கள். கூடலூர் இறங்கினால் அதே சாமான் கட்டன்சாயா.

சாக்லேட்டையும் வர்க்கியையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹோம் மேட் என்பது தரச் சொல்லே அல்ல. பெரும்பாலான கடைகளில் கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி, பாதாம் முந்திரி போட்டு, அச்சில் ஊற்றுகிறார்கள். ஊட்டிக் குளிரில் அது எளிதாக உறையும். நீங்கள் பார்க்க வேண்டியது சேர்மானப் பட்டியலை. கோகோ வெண்ணெய் என்றிருந்தால் நல்லது; அது உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் நாக்கில் வைத்ததும் கரையும். தாவரக் கொழுப்பு என்றிருந்தால் காம்பவுண்டு. மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். மேலே வெள்ளை படிந்தால் பூஞ்சை என்று எறிய வேண்டாம், வெயிலில் இளகி மறுபடி உறைந்த கொழுப்பு அது.

வர்க்கி என்பது மைதாவை அடுக்கடுக்காக மடித்து விறகு அடுப்பில் சுட்டது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ரகசியம் புளிக்க வைக்கும் கலவையில் இருக்கிறது: ஈஸ்டுக்குப் பதிலாக வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை சேர்த்து வைத்ததைப் பிசைவார்கள். பிஸ்கட் மாதிரி கடித்தால் சட்டையெல்லாம் தூள். டீயில் தோய்த்துத் தின்னுங்கள்.

இனி உங்கள் 4 பொட்டலம். காலையில் பால் டீக்கு சூப்பர் ரெட் டஸ்டை எடுங்கள். சிடிசி குருணையை அதில் பாதிக்குப் பாதி கலந்தால் சாயத்தோடு கொஞ்சம் வாசமும் வரும். ஆர்த்தடாக்ஸையும் ஆரஞ்சு பீக்கோவையும் பாலில் கொதிக்க வைத்துப் பாழாக்க வேண்டாம். சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, 4 நிமிடம் விட்டு, அப்படியே குடியுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் செடி மெல்ல வளரும்போது பறித்ததாக இருந்தால் மணம் தனியாகத் தெரியும். அடுத்தமுறை கடையில் பெயரைக் கேட்காமல், எந்த மாதம் தயாரானது என்று கேளுங்கள்.

சாயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு வடிதாளில் சிட்டிகை தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டு, தாளைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவசரப்பட்டுச் சாயம் விடாது. தாளில் லேசான கறைதான் இருக்கும். திட்டுத் திட்டாக நிறம் பிடித்திருந்தால் கடைக்காரரை மாற்றுங்கள்.

பிரித்த பொட்டலத்தை அப்படியே அலமாரியில் வைக்க வேண்டாம், அக்கம்பக்கத்து வாசனையெல்லாம் தேயிலைக்குள் ஏறிவிடும். 11 வருடம் ஃபேக்டரியில் இருந்த நானே போன மாதம் ஒரு கிலோ ஆர்த்தடாக்ஸைப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டு வாரமாக வீட்டில் ரசம் வாசத்தில்தான் டீ.