எலும்பு பொருந்திவிட்டது, சைக்கிள் ஏறலாமா?

கேள்வி: கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாண நகரிலுள்ள பாடசாலைக்குத் தினமும் சைக்கிளில் போய்வரும் ஆசிரியை நான், வயது 42. மாரி மழையில் ரயில் கடவையைக் கடக்கும்போது முன்சில்லு தண்டவாளத்தில் வழுக்கி விழுந்து, இடது காறை எலும்பு முறிந்தது. மூன்று மாதமாகிறது. எலும்பு பொருந்திவிட்டது, இனி ஓடலாம் என்கிறார் வைத்தியர். வீட்டிலோ, சைக்கிளை விற்றுவிட்டு பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள். எனக்கும் கடவையைக் கண்டாலே கை நடுங்குகிறது. இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு நோ இருக்கிறது; அதை யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். மணிக்கட்டை இந்த வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள். விழும்போது கையை ஊன்றுகிறோம். அப்போது பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்குள், முந்திரிப்பருப்புப் போல இருக்கும் சிறிய எலும்பொன்று வெடிப்பதுண்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே கிடந்து, பின்னாளில் மூட்டையே தேய்த்துவிடும். பெருவிரலை விரித்து நிமிர்த்தினால் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் நோகிறதா என்று பாருங்கள். நொந்தால் அந்த இடத்தையே வைத்தியருக்குத் தொட்டுக் காட்டுங்கள். படம் எடுக்கும் முன் எண்ணெய் பூசிப் புக்கை கட்டப் போகவேண்டாம். (முறிவு வைத்தியத்தோடு எனக்குப் பகையில்லை. உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரியாமல் கட்டுவதைத்தான் ஏற்கமாட்டேன்.)

காறை எலும்பு பெரியவர்களுக்குப் பொருந்த 6 முதல் 12 வாரம் பிடிக்கும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் அசையாமல் இருந்த தோளில் பலம் குறைந்திருக்கும். வீதிக்கு இறங்கும் முன், நோவில்லாமல் இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாக இறுக்க முடிகிறதா, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க முடிகிறதா, வலக்கையை நீட்டிச் சைகை காட்டும் நேரம் இடக்கையால் மட்டும் ஹாண்டிலைப் பிடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். கடைசிச் சோதனையில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள்; முறிந்தது இடப்பக்கம் அல்லவா? முடியாவிட்டால் இன்னும் இரண்டு கிழமை தோள் பயிற்சி.

பிறகு ஒழுங்கைக்குள், அதிகாலையில், சிறிது தூரம். மறுநாள் காலை நோ கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள். பாடசாலைக்கு அதுவரை பஸ்தான். கொப்பிக் கட்டை ஹாண்டிலில் தொங்கவிடாமல் கரியரில் கட்டுங்கள். சோளகக் காற்று எழும்புமுன் பழகிவிடுவது நல்லது. எதிர்காற்றில் மிதிக்கும்போது ஹாண்டிலை இழுத்துப் பிடிப்போம், பாரம் தோளுக்குத்தான் போகும்.

சைக்கிளும் உங்களோடு விழுந்தது. முன் ஃபோர்க் பின்னால் வளைந்திருக்கிறதா, ஹாண்டிலுக்குக் கீழே பிரேமில் பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருக்கிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கவசம் போட்டுச் சைக்கிள் ஓடும் ஆசிரியையை நம் வீதிகளில் காண்பது அரிது. மாணவர் சிரித்தால் சிரிக்கட்டும், போடுங்கள். விழுந்த அன்று போட்டிருந்தீர்கள் என்றால் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் அடி தாங்கும்.

இனி அந்தக் கடவை. உங்கள் வயதினர் சைக்கிள் பழகிய நாட்களில் இங்கே ரயிலே ஓடவில்லை. 1990இல் நின்றது, 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது, காங்கேசன்துறைக்கு 2015இல். தண்டவாளத்தைக் கடக்க நம்மில் பலரை யாரும் பழக்கவில்லை. நனைந்த இரும்பில் ரயர் பிடிக்காது. சரிவாகப் போனால் தண்டவாளத்தின் ஓர நீக்கலுக்குள் சில்லு இறங்கிவிடும். பாதை சரிந்து கடந்தாலும், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நீங்கள் சற்று விலகித் தண்டவாளத்துக்கு நேர்குறுக்காக வாருங்கள். இரும்பின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹாண்டிலைத் திருப்பாதீர்கள். மழையென்றால் இறங்கி உருட்டுங்கள், அதில் வெட்கமில்லை. நடுக்கம் தீர, வெயில் நாளொன்றில் நடந்தே சில தடவை உருட்டிக் கடந்துவிட்டு, பிறகு ஏறிப் பாருங்கள். தூக்கத்திலும் அந்த விழுகை வந்து எழுப்புகிறது என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விற்கும் பேச்சுக்கு வருவோம். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது ஊரில் எத்தனைபேர் பழைய சைக்கிளைத் தூசு தட்டினார்கள் என்பது உங்கள் வீட்டாருக்கும் தெரியும். விற்பதைப் பற்றிச் சோளகம் முடிந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.