தென்னாப்பிரிக்காவில் பி.ஏ. சேரப் போகிறவர்களும் சேர்ந்துவிட்டவர்களும் கேட்டவை

மகளுக்கு மேட்ரிக் பள்ளி இறுதித் தேர்வில் பேச்சலர் பாஸ் கிடைத்தது. ஆங்கிலம் 62, ஜூலு 55, மேத்ஸ் லிட்ரசி 58, வரலாறு 66, புவியியல் 51, டூரிசம் 47, லைஃப் ஓரியன்டேஷன் 78. ஆனாலும் பி.ஏ.வில் இடம் இல்லை என்கிறார்களே?
(ஒரு தாய், சாட்ஸ்வர்த்)

பேச்சலர் பாஸ் விண்ணப்பிக்கத்தான் தகுதி தருகிறது, அம்மா. இடத்தைத் தீர்மானிப்பது ஏ.பி.எஸ். என்ற சேர்க்கைப் புள்ளி. 80இலிருந்து 7, 70இலிருந்து 6, 60இலிருந்து 5, 50இலிருந்து 4, 40இலிருந்து 3 என்று இறங்கும். உங்கள் மகளுக்கு 5, 4, 4, 5, 4, 3, மொத்தம் 25. லைஃப் ஓரியன்டேஷனின் 6ஐயும் சேர்த்து வீட்டில் 31 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். பல பல்கலைக்கழகங்கள் அதைக் கூட்டுவதில்லை.

மறுமதிப்பீடு கேட்பதென்றால் மேத்ஸ் லிட்ரசிக்கு மட்டும் கேளுங்கள். இரண்டு மதிப்பெண் ஏறினால் ஒரு புள்ளி கூடும். ஆங்கிலத்தில் எட்டு மதிப்பெண் ஏறினால்தான் பயன். அது நடக்கிற காரியமில்லை. முடிவு வந்த சில வாரங்களிலேயே மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடும்.

அடுத்த முறை சி.ஏ.ஓ. (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப மையம்) படிவத்தில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் ஹாவர்ட் கல்லூரி வளாகத்தோடு நிறுத்தாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தையும் தனித் தேர்வாகப் போடுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு குறியீடு. டர்பன் பிள்ளைகள் பலர் பஸ் தூரத்தை நினைத்தே அதை விட்டுவிடுகிறார்கள்.

முதலாண்டில் எந்தப் பாடங்களை எடுப்பது? பிடித்ததை எல்லாம் எடுத்துப் பார்க்கலாமா?
(மாணவர், ஃபீனிக்ஸ்)

பார்க்கலாம், ஆனால் பல்கலைக்கழகத்தின் பாடக் கைப்புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். மூன்றாம் ஆண்டில் எந்த இரண்டு பாடங்களை மேஜராக (முதன்மைப் பாடமாக) முடிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். அவற்றுக்கு இரண்டாம் ஆண்டில் என்ன வேண்டும், அதற்கு முதலாண்டில் என்ன வேண்டும் என்று கீழே இறங்கி வாருங்கள். மூன்றாவது பாடம் ஒன்றையும் முதலாண்டில் உயிரோடு வைத்திருங்கள். மேஜர் ஒன்றில் தோற்றாலோ, இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் விழுந்தாலோ அதுதான் கைகொடுக்கும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் மாட்யூல் (பாடப்பகுதி) 160 மணி நேரம். செமஸ்டருக்கு நான்கு எடுத்தால் 640. அதைப் பதினாறு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 40 மணி. வகுப்பில் உட்காருவது இதில் சிறு பங்குதான். அட்டவணையில் வெள்ளிக்கிழமை காலியாகத் தெரிந்தால் அது விடுமுறை இல்லை, வாசிப்பு நாள். அப்படி எடுத்துக்கொள்ளாதவர்கள்தான் அசைன்மென்ட் விடுபட்டு, டி.பி. (தேர்வு எழுதும் தகுதி) இல்லாமல், தேர்வு எழுதவே முடியாமல் நிற்கிறார்கள்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல், ஜூலு படித்துவராத புதிய மாணவர்கள் ஒரு ஜூலு மாட்யூல் தேறியாக வேண்டும். கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

உளவியலில் பி.ஏ. முடித்தால் சைக்காலஜிஸ்ட் ஆகலாமா?
(தந்தை, லெனேசியா)

ஆக முடியாது, ஐயா. பி.ஏ.வுக்குப் பிறகு ஓராண்டு ஆனர்ஸ், அதன் பிறகு முதுகலை, அதற்குமேல் ஓராண்டு இன்டர்ன்ஷிப். கிளினிக்கல் பிரிவுக்கு இன்னும் ஓராண்டு சமூக சேவைப் பணி உண்டு. எச்.பி.சி.எஸ்.ஏ. (சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சில்) பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். ஆனர்ஸில் இடம் மிகக் குறைவு. முதலாண்டு மதிப்பெண்ணிலிருந்தே கவனம் வேண்டும். ஆலோசகர் வேலை போதும் என்றால் நான்காண்டு பி.சைக். படிப்பைப் பாருங்கள். சமூகப் பணியாளர் ஆக நான்காண்டு பி.எஸ்.டபிள்யூ. தனியாக உண்டு. சோஷியாலஜி மேஜர் அதற்கு ஈடாகாது.

வரலாற்றுக் கட்டுரையில் தகவல் எல்லாம் சரியாக எழுதுகிறேன். ‘விவரணை மட்டும்’ என்று எழுதி 52 போடுகிறார்கள். என்ன செய்ய?
(இரண்டாம் ஆண்டு மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கேள்வி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: ‘1913 வேலைநிறுத்தத்துக்கு 3 பவுண்டு வரி எந்த அளவுக்குக் காரணம்?’ நட்டாலில் ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது 1895இல் வரிச் சட்டம் வந்தது, 1913இல் இந்தியத் தொழிலாளர் எழுந்தார்கள், 1914இல் வரி நீங்கியது என்று எழுதினால் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் ‘எந்த அளவுக்கு’ என்ற சொல்லுக்குப் பதிலே வரவில்லை. உங்கள் 52 அங்கேதான் நிற்கிறது.

முதலில் வரியின் பாரத்தை அளந்து காட்டுங்கள். ஒப்பந்தக் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. ஒப்பந்தம் முடிந்தவரை மறுபடி தோட்டத்துக்கோ ஊருக்கோ தள்ளுவதுதான் வரியின் நோக்கம் என்ற வாதம் இந்தக் கணக்கிலிருந்து தானாக எழும். அடுத்து, போட்டிக் காரணத்தைக் கொண்டுவாருங்கள். 1913 மார்ச்சில் வந்த நீதிபதி சியர்லின் தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணங்களுக்குச் சட்ட மதிப்பில்லை என்றது. பெண்கள் போராட்டத்துக்கு வந்ததில் அதற்குப் பங்குண்டு. அந்தப் பெண்கள் நட்டாலில் உள்ள நியூகாசில் போய்ச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசியபோது முன்வைத்தது வரியை. ஆக, பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது தீர்ப்பு, சுரங்கத்தை நிறுத்தியது வரி. இந்த ஒற்றை வாக்கியம்தான் உங்கள் வாதம். கட்டுரையின் முதல் பத்தியிலேயே அது இருக்க வேண்டும்.

1500 சொல்லுக்கு முன்னுரை 150, ஒவ்வொன்றும் 250 சொல்லில் ஐந்து பகுதிகள், முடிவு 100. ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியமும் ஒரு கூற்றாக இருக்கட்டும், ஆண்டில் தொடங்காதீர்கள். தில்லையாடி வள்ளியம்மையின் தியாகத்தை உருகி எழுத நம் பிள்ளைகளுக்குக் கை துடிக்கும். வாதத்துக்கு உதவாவிட்டால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

கிடங்கில் முழுநேர வேலை. யூனிசா தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் எத்தனை மாட்யூல் எடுக்கலாம்?
(டொங்காட்)

இரண்டு. 12 கிரெடிட் மாட்யூல் 120 மணி நேரம். பதினைந்து வாரத்தில் முடிக்க ஒவ்வொன்றுக்கும் வாரம் 8 மணி. மூன்று எடுத்தால் 24 மணி, அது ஷிஃப்ட் வேலையோடு ஒத்துவராது. முதல் அசைன்மென்ட்டின் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஆனர்ஸ் ஆய்வுக்கு ஆயாவையும் அவர் வயதுக்காரர்களையும் பேட்டி எடுக்க வேண்டும். உடனே தொடங்கலாமா?
(மாணவர், வெருலம்)

தொடங்காதீர்கள், தம்பி. நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே ரெக்கார்டரைத் தொடுங்கள். முன்பே எடுத்த பேட்டிக்குப் பின்னால் அனுமதி தர மாட்டார்கள். அதை ஆய்வில் சேர்க்கவும் முடியாது. ஒப்புதல் படிவம் அவர்கள் வாசிக்கிற மொழியில் இருக்கட்டும்.

காத்திருக்கும் நேரத்தில் குடும்பத்தின் காலனி எண்ணை (ஒப்பந்தத் தொழிலாளராக வந்தபோது ஒவ்வொருவருக்கும் தந்த பதிவு எண்) தேடுங்கள். அது கிடைத்தால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். எழுத்துக்கூட்டல் கந்தலாக இருக்கும் என்பதால் முனுசாமியை ‘மூன்சாமி’ என்றும் தேடிப் பாருங்கள். பேட்டிகள் ஆறுக்கு மேல் வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு முழு நாள் போகும்.