காணிக்கை எவ்வளவு, யாருக்கு? ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

பதில்: எதில் கணக்கிட்டாலும் குற்றமில்லை. அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் (கடிதங்களில்) சபைகளுக்குப் பத்தில் ஒன்று என்று விதிக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதைச் சேர்த்து வைக்கும்படியே சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). சதவீதத்தைவிட, செலவுக்கு முன்னரே அதை எடுத்து வைக்கிறீர்களா என்பதே முக்கியம்.

கேள்வி: வீட்டுக் கடன், கார் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. தியாகமாகக் கொடுங்கள் என்றால் நான் எங்கே போவேன்?

பதில்: கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். ஒருவரிடம் இல்லாததைக் கொண்டல்ல, உள்ளதைக் கொண்டே அவருடைய ஈகை மதிக்கப்படும் என்பது பவுலின் போதனை (2 கொரிந்தியர் 8:12). ஆயினும் குடியிருக்கும் வீட்டின் கடனையும், பழைய கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே வாங்கிய புதிய காரின் தவணையையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமாகாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லி தம் ஆக்ஸ்போர்டு நாள்களைப் பற்றிச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தவர், வருமானம் 60, 90, 120 என்று உயர்ந்தபோதும் அதே 28 பவுண்டிலேயே வாழ்ந்து மீதியையெல்லாம் கொடுத்தார். நமக்கோ சம்பளம் உயர்ந்தால் முதலில் உயர்வது தவணைதான்.

வசதி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் மிசோரம் பெண்களை அறிய வேண்டும். பணப்புழக்கம் மிகக் குறைவாக இருந்த 1910ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய வழக்கப்படி, சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள்; அது சபையில் திரட்டி விற்கப்பட்டு ஊழியத்துக்குச் செல்கிறது. அந்த அரிசி உண்டு மிஞ்சியதன்று, உலையில் இடுமுன் எடுத்தது. நம் திருநெல்வேலிச் சபையாரும் பெரும் செல்வந்தர்களாக இருந்து கொடுத்தவர்கள் அல்லர். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த அந்தச் சபையே 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, இந்தியர் பணத்தைக் கொண்டே இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது.

கேள்வி: விதைக் காணிக்கை அனுப்பினால் நூறு மடங்காகத் திரும்பும் என்று தொலைக்காட்சியில் ஒரு பிரசங்கியார் சொல்கிறார். என் தாயார் தம் விதவை ஓய்வூதியத்தை அனுப்பத் துடிக்கிறார். தடுக்கலாமா?

பதில்: தடுங்கள், அன்போடு. லாபத்தை எதிர்பார்த்துப் போடும் பணத்துக்கு முதலீடு என்று பெயர். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசை இத்தகையோர் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள்; ஆனால் மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னரே, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை (மதச் சட்டம் போதிப்போரை) இயேசு கண்டித்திருப்பதை வாசிப்பதில்லை. அந்த விதவைக்கு நூறு மடங்கு திரும்பி வந்ததாகவும் அங்கே எழுதப்படவில்லை.

கேள்வி: ஆலயத்துக்கு வாங்கிக் கொடுத்த மின்விசிறியில் குடும்பப் பெயரை எழுதலாமா?

பதில்: வேண்டாம். விசிறி ஓடும்போது அதை எவராலும் படிக்க முடியாது என்பது ஒன்றே ஆறுதல்.

கேள்வி: எங்கள் சபையில் கணக்குக் காட்டுவதில்லை. காணிக்கையை நேரடியாக ஏழைகளுக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: ஏழைகளுக்குக் கொடுப்பது காணிக்கைக்கு மாற்றன்று, அதன் பகுதியே. மூன்றாம் வருடத்துத் தசமபாகம், ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தானாகிய லேவியனோடு அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் உண்டு திருப்தியடைவதற்கென்றே குறிக்கப்பட்டிருந்தது (உபாகமம் 14:28-29). கணக்கைப் பொறுத்தவரை, எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைக் குறித்து எவரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் பவுல் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). அவரே அவ்வளவு கவனமாக இருந்தபோது, உங்கள் பொருளாளரிடம் தணிக்கை அறிக்கை கேட்பது அவிசுவாசமாகாது. சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் எழுத்து மூலமாகத் திருமண்டல (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியின்) அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை உங்கள் பங்கில் பெரும்பகுதியை, உங்கள் தெருவில் உங்களுக்குத் தெரிந்த தேவைக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.