கதிர்வீச்சுக்குப் பின் ஈறு ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிகிறது. ஆக்சிஜன் அறைச் சிகிச்சை குணப்படுத்துமா?

அதை மட்டுமே நம்பினால், பெரும்பாலும் குணமாகாது. செத்துப்போன எலும்புக்கு ஆக்சிஜனால் உயிர் வராது. அதை அறுவை மருத்துவர்தான் சுரண்டியோ வெட்டியோ எடுக்க வேண்டும். சுற்றிலும் உயிரோடிருக்கும் திசுவில் புது ரத்தக் குழாய்கள் முளைத்தால் எடுத்த இடம் ஆறும். அறைக்குள் அனுப்புவது அதற்காகத்தான்.

60 கிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வாங்கிய கீழ்த்தாடையில்தான் இந்தச் சிக்கல் அதிகம். மேல்தாடைக்கு ரத்த ஓட்டம் தாராளம், அங்கே குறைவு.

அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1980களில் வகுத்த முறைப்படி அறுவைக்கு முன் 30 அமர்வு, பின் 10. வளிமண்டலத்தைப் போல 2.4 மடங்கு அழுத்தத்தில் 90 நிமிடம் தூய ஆக்சிஜன். இடையிடையே 5 நிமிடம் சாதாரணக் காற்று தருவார்கள். ஆக்சிஜன் மிகுந்து வலிப்பு வராமலிருக்க அது அவசியம். அழுத்தம் ஏற்றி இறக்க ஆகும் நேரத்தையும் சேர்த்தால் தினமும் 2 மணி நேரம் போகும். 1.3 மடங்கு மட்டுமே தரும் காற்றடைத்த பைகளை இதற்கு ஈடாக யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள்.

பலன் பற்றி மருத்துவர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அறுவை இல்லாமல் அறையை மட்டும் நம்பியதில் பலன் தெரியாததால் பாதியில் நிறுத்தினார்கள். பல் பிடுங்கும் முன் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்த ஹோபான் ஆய்விலும் (2019) அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதம், போகாதவர்களில் 5.7 சதவீதம் பேருக்கு எலும்பு பாதித்தது, வித்தியாசமே இல்லை. ஆகவே எல்லாருக்கும் தடுப்பாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அறுவையோடு சேர்த்துத் திட்டமிட்டால் கேட்டுப் பார்க்கலாம்.

போவதானால் முதலில் நுரையீரல் படம் எடுங்கள். சிகிச்சையளிக்காத நுரையீரல் காற்றுக்கசிவு இருந்தால் அறைக்குள் போகவே கூடாது. ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்து வாங்கியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கழுத்து, மூக்கின் பின்புறம் கதிர்வீச்சு பட்டவர்களுக்குக் காது அடைப்பு எளிதில் திறக்காது. வலியைப் பொறுத்துக்கொள்ளாமல் முதல் வலியிலேயே கை காட்டினால் அழுத்தத்தை நிறுத்துவார்கள். பொறுத்தால் செவிப்பறை கிழியலாம். தீராவிட்டால் காதில் சிறு குழாய் வைப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு உள்ளே சர்க்கரை இறங்கும், ஆகவே வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பருத்தி உடை மட்டும். தலைக்கு எண்ணெய், செல்போன், லைட்டர் கூடாது, தீ அபாயம். தூரப்பார்வை சில வாரம் மங்கலாம், அதற்குள் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் பென்டாக்ஸிஃபிலின், வைட்டமின் ஈ சேர்த்துத் தரும் மாத்திரை வழியையும் மருத்துவரிடம் கேளுங்கள். பல் ஆடினால் பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்காதீர்கள். அந்தப் பல் இருக்கும் இடம் எத்தனை கிரே வாங்கியது என்று கதிர்வீச்சுத் துறையில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.