வென்ஸ்டேக்குள்ள ஒளிஞ்சிருக்கிற 'டீ'

கேள்வி: மகள் தரம் 4ல படிக்கிறா. இங்கிலிஷ் சொல்வதெழுதல்ல 'வென்ஸ்டே' (Wednesday, புதன்கிழமை) வந்தா நடுவில வாற 'd' எழுத்தை, அந்த டீயை, ஒவ்வொருமுறையும் விட்டுடுறா. "சொல்லாத எழுத்தை ஏனம்மா எழுதோணும்?" எண்டு கேக்கிறா, எனக்குப் பதில் தெரியேல்ல.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகள் கேட்டது அருமையான கேள்வி அம்மா, அவவை ஏசிப்போடாதீங்கோ. அந்த டீ ஒரு பழைய சாமின்ட பேர்ல இருந்து வந்தது, வோடன் எண்டு பேர். 'வோடன்ட நாள்' எண்டதுதான் வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு வென்ஸ்டே ஆச்சு, சத்தம் போயிட்டுது, எழுத்து மட்டும் நிக்குது.

வோடனைக் கும்பிட்டது ஆங்கிலோ சாக்ஸன் சனம். 5ம் நூற்றாண்டில ரோமாக்காரர் பிரித்தானியாவை விட்டுப் போன பிறகு இப்பத்த ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்து கடல் தாண்டி வந்து குடியேறின ஆக்கள், அதில ஆங்கிள் எண்ட கூட்டத்தின்ட பேர்தான் இங்கிலாந்துக்கும் இங்கிலிஷுக்கும் வந்தது.

எனக்கு ஆகவும் பிடிச்ச விஷயம் இனித்தான். ரோமாக்காரர் கிழமை நாளுக்குக் கிரகப் பேர் வச்சிருந்தவை, புதன் அவைக்கு மெர்குரின்ட நாள். வடக்குச் சனம் அதைத் தங்கட சாமிகளின்ட பேருக்கு மாத்தினது, மெர்குரிக்கு வோடன், செவ்வாய்க்கு டிவ், வியாழனுக்கு இடிக்குரிய தூனோர், வெள்ளிக்கு ஃப்ரிக். சனிக்கு மட்டும் ரோமாச் சாமி சாட்டர்ன் அப்பிடியே நிண்டிட்டார். இப்ப எங்கட கலண்டரைப் பாருங்கோ, 'பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது' எண்டு நாங்க சொல்லுற அதே புதனும் மெர்குரிக் கிரகம்தானே! ஞாயிறு சூரியன், திங்கள் சந்திரன், ரெண்டு பாஷையிலயும் ஒண்டுதான்.

597ல ரோமில இருந்து அகஸ்டின் எண்ட துறவி கென்ட் பக்கம் போய் கிறிஸ்தவத்தைப் பரப்பினார், சனமும் மெல்ல மெல்ல மாறிச்சுது, ஆனா நாள் பேரை ஒருத்தரும் மாத்தேல்ல. 731ல பீட் எண்ட கிறிஸ்தவத் துறவியே, முதல் வந்த தலைவர்மார் வோடன்ட வம்சம் எண்டு எழுதி வச்சிருக்கிறார். பர்மிங்ஹாமுக்குக் கிட்ட வெட்னஸ்பரி எண்டு ஒரு ஊர் இருக்கு, 'வோடன்ட கோட்டை' எண்டு அர்த்தம். 1066ல நோர்மன்காரர் வந்து பிரெஞ்சுச் சொல்லுகளைக் கொண்டுவந்து கொட்டினவை, அப்பவும் இந்த நாள் பேருகள் அசையேல்ல.

மகளை எழுதேக்க 'வெட்-நெஸ்-டே' எண்டு மனசுக்குள்ள பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ, வோடன்ட கதையையும் சொல்லிவிடுங்கோ, பிறகு டீயை விடமாட்டா.