கதவுக்குப் பின்னால் சாக்லேட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக நாங்கள் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நவம்பர் பிறந்ததுமே இங்குள்ள கடைகளில், கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் அட்வென்ட் நாட்காட்டிகள் குவிந்துவிடுகின்றன. டிசம்பர் 1 முதல் 24 வரை எண்ணிட்ட சிறு அட்டைக் கதவுகள். நாளுக்கொன்றாகத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட். சென்ற ஆண்டு என் ஐந்து வயது மகள் முதல் நாள் மாலையிலேயே 24 கதவுகளையும் திறந்து தின்று தீர்த்துவிட்டாள். இது உண்மையிலேயே மரபுதானா, அல்லது மரபின் பெயரால் நடக்கும் சாக்லேட் வியாபாரமா? நாங்கள் கிறிஸ்தவர்களும் அல்லர். இந்த ஆண்டு வாங்காமலே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வியாபாரம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பழியைச் சாக்லேட்டின் மேல் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நாட்காட்டி அச்சுக்குப் போவதற்கு முன்பே அதில் தின்பண்டம் இருந்தது.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் லுத்தரன் வீடுகளில் கதவின் மேல் 24 சுண்ணக்கட்டிக் கோடுகளை இழுத்துவிட்டு, குழந்தைகளை நாளுக்கு ஒன்றாக அழிக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலின் தொட்டிலில் தினம் ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார்கள். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன், பண்டிகை எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, 1839ஆம் ஆண்டு ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் மற்ற நாட்களுக்கு இருபது சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றினார். அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிறாகவே அமைந்ததால் கணக்கு 24இல் சரியாக முடிந்தது. எல்லா ஆண்டும் அப்படி அமைவதில்லை. அட்வென்ட் எனப்படும் திருச்சபையின் திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஞாயிறன்று தொடங்கும். ஆண்டுதோறும் மாறும் அந்தத் தேதியோடு மல்லுக்கட்டாமல், கடை நாட்காட்டி டிசம்பர் 1 என்று நிலைத்துவிட்டது.

இனி உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. ஸ்டுட்கார்ட்டுக்கு வடமேற்கே உள்ள மவுல்ப்ரோனில் 1881ஆம் ஆண்டு பிறந்த கெர்ஹார்ட் லாங் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாய் ஓர் அட்டையில் 24 சிறு பிஸ்கட்டுகளைத் தைத்துக் கொடுத்து, நாளுக்கு ஒன்றைத் தின்னச் செய்தாராம். வளர்ந்து மியூனிக்கில் அச்சகப் பங்குதாரரான லாங், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் அந்த நினைவை அச்சில் ஏற்றினார். ஒரு தாளில் 24 படங்கள், மற்றொரு தாளில் 24 கட்டங்களும் செய்யுள்களும்; குழந்தை தினம் ஒரு படத்தைக் கத்தரித்து அதற்குரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். திறக்கும் கதவுகள் அதற்குப் பின்னரே வந்தன. ஆகவே படம்தான் இடையில் வந்தது. சாக்லேட் வந்ததை, அந்தத் தாயின் பிஸ்கட் வேறு வடிவில் திரும்பி வந்ததாகவே நான் கொள்கிறேன். பெரியவர்களுக்கென்று முகப்பூச்சும் பீரும் அடைத்து விற்பதற்கு மட்டும் இந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை.

என் விருப்பம் என்னவோ பட நாட்காட்டிதான். போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உங்கள் ஸ்டுட்கார்ட்டில் ரிஷார்ட் செல்மர் என்பவர் ஒரு சிறு நகரத்தின் படத்தைக் கொண்ட நாட்காட்டியை வெளியிட்டார். அந்த வகையில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் கதவின் விளிம்பை நெம்பும்போது மேலே தூவிய மினுக்குத்தூள் விரலில் ஒட்டிக்கொள்ளும்; உள்ளே மெல்லிய தாளில் ஒரு பூனையோ விளக்கோ இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அதுவரை திறந்த கதவுகள் மட்டும் ஒளிரும்.

நீங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதைத் தடையாக நான் காணவில்லை. இயேசுவின் பிறப்பை நோக்கி எண்ணும் எண்ணிக்கை இது என்பதை மட்டும் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடையில் வாங்குவதைவிட, அங்குள்ள பல வீடுகளில் செய்வதைப் போல 24 துணிப் பைகளைத் தைத்து ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். கடலை மிட்டாயும் போடலாம், நீங்கள் வரைந்த படமும் போடலாம். ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிடாதீர்கள். ஒவ்வோர் இரவும் அவள் உறங்கிய பின் மறுநாளுக்குரியதை மட்டும் போடுங்கள். இந்த முறையும் முதல் நாள் மாலையிலேயே அவள் கைவரிசையைக் காட்டினால், மிச்சமுள்ள 23 பைகளிலும் ஒன்றும் இருக்காது.