டிசம்பரில் எந்தக் கடல்?

கேள்வி: பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு லீவில் ஆறு நாள் மலேசியா போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், மாமியார். மாமியாருக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சைவம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் மூன்று நாள் ஊரைப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று நாள் ரெடாங் தீவில் இருக்கலாம் என்கிறார் கணவர். வீடியோவில் பார்த்த அந்தக் கண்ணாடித் தண்ணீர் அவர் மனதை விட்டுப் போகவில்லை. லங்காவியே போதும் என்கிறாள் என் தங்கை. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தங்கை பேச்சை. அதற்காகக் கணவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடியோ பொய் சொல்லவில்லை, அது எடுக்கப்பட்ட மாதம்தான் வேறு.

ரெடாங் மலேசியாவின் கிழக்குக் கரையில், திரெங்கானு மாநிலத்தில் இருக்கிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலைத் தாண்டி வந்து அந்தக் கரையில்தான் முதலில் மோதுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். பல விடுதிகள் மூடிவிடுவார்கள், படகுப் போக்குவரத்தும் அநேகமாக நின்றுவிடும். லங்காவி மேற்குக் கரையில், அந்தமான் கடலில் இருக்கிறது. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் மறைத்துக்கொள்வதால் டிசம்பர் கடைசியில் அங்கே நல்ல வெயில். மலேசியாவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் தீவின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லங்காவியின் செனாங் கடற்கரையில் அந்தக் கண்ணாடித் தண்ணீர் கிடையாது, கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். உங்கள் கணவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். நாலு வயதுப் பையனுக்கு மணலும் முழங்கால் அளவு அலையும் போதும்.

அடுத்து, பயண வரிசை. தீவை முதலில் வையுங்கள், நகரத்தைக் கடைசியில். கோலாலம்பூரில் ஆறு வருஷம் குடியிருந்தும் இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் நாளன்று காலையில் லங்காவியிலிருந்து கிளம்பினால் போதும் என்று நினைத்தோம். மழையால் அந்த விமானம் மூன்று மணி நேரம் தாமதம். திருச்சி விமானத்துக்குத் தனி டிக்கெட் வாங்கியிருந்ததால் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நான்கு பேருக்கும் புதிதாக டிக்கெட் வாங்கிவிட்டு, விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். என் மகனுக்கு அந்தப் பயணத்தில் இன்றுவரை நினைவிருப்பது அந்த ராத்திரிதான்.

அதனால் போன அன்றே லங்காவிக்கு மாறிவிடுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து லங்காவி ஒரு மணி நேரம்தான். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். கடிகாரத்தையும் இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே முனையத்தில்தானா என்று பாருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தையோடு நடந்து போகிற தூரம் இல்லை.

லங்காவி என்பது 99 தீவுகள் சேர்ந்த கூட்டம். கடல் வடிந்தால் இன்னும் ஐந்து தலைகாட்டும் என்பார்கள். நீங்கள் தங்கப்போவது பெரிய தீவில். பேருந்தை நம்பிப் போகிற இடமில்லை, கிராப் கார்தான் (செல்போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) வழி. கேபிள் காருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மச்சின்சாங் மலையில் சுமார் 700 மீட்டர் உயரம் வரை ஏறும், காற்றோ மின்னலோ வந்தால் நிறுத்திவிடுவார்கள். உச்சியில் 125 மீட்டர் நீள வளைந்த தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. அதற்குப் படியிறங்கிப் போக வேண்டும் (சாய்வு லிஃப்டும் உண்டு, கட்டணம் தனி). மாமியாரை மேல் நிலையத்திலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வரலாம். அங்கிருந்தே கடலும் தீவுகளும் தெரியும்.

ஆனால் அவருக்குப் பிடிக்கப்போவது கிலிம் அலையாத்திக் காட்டுப் படகு சவாரிதான். உட்கார்ந்தபடியே மூன்று நாலு மணி நேரம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே போய் வரலாம். படகுக்கு மொத்தமாக வாடகை, தலைக்கு இவ்வளவு என்று இல்லை. தலைக்கு மேலே வட்டமடிப்பது நம்ம ஊர்க் கருடன், அதே செம்பருந்து! ‘ஹெலாங்’ என்றால் மலாயில் கழுகு. அதிலிருந்துதான் லங்காவி என்ற பெயரே வந்தது என்பார்கள். கருட சேவை பார்த்து வளர்ந்த ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? சில படகோட்டிகள் கோழித்தோலை வீசி அவற்றைக் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். பறவைக்கும் அது நல்லதில்லை, மாமியாருக்கும் ஆகாது.

சாப்பாட்டில் ஒரு கண்ணி உண்டு: பெலாச்சான் என்ற இறால் விழுது. வெறும் கீரைப் பொரியல் மாதிரி தட்டில் வரும், வாயில் வைத்த பிறகுதான் தெரியும். மலாய்க் கடைகளில் பெலாச்சான் வேண்டாம் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள், ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை நம்ப வேண்டாம். சீனர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் நல்ல துணை. அப்புறம், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

நாலாம் நாள் மதியம் கோலாலம்பூர் திரும்பினால் ஒன்றரை நாள் கிடைக்கும், அது போதும். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுங்கள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே, வாழையிலைச் சாப்பாடும் நடக்கிற தூரத்தில். காலையில் கடைக்குப் போனால் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பார்கள். அந்த ஊர்ப் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். முதல் நாள் என் மாமனார் “வெள்ளியெல்லாம் கொண்டு வரலையே” என்று பதறிப்போனார்.

பத்துமலைக்கு அங்கிருந்து கொமுட்டர் ரயில், கோயில் வாசலிலேயே கடைசி நிலையம். எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் கூட்டமும் இருக்காது. 272 படி. மாமியார் ஏற வேண்டாம். 2006-ல் திறந்த அந்த 42.7 மீட்டர் முருகனைக் கீழிருந்து பார்ப்பதுதான் அழகு, கீழேயும் சந்நிதிகள் உண்டு. பிள்ளைகள் கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது. பிற்பகலில் இடியோடு மழை வரும் ஊர் என்பதால் மூன்று மணிக்கு மேல் மீன் காட்சியகமோ கடைவீதியோ வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரத்தில் பணம் கட்டி ஏறுவது உங்கள் இஷ்டம். நான் ஒருமுறை ஏறினேன், கோபுரத்தின் மேல் நின்றால் கோபுரம் தெரியவில்லை! கீழே பூங்காவில் பிள்ளைகள் இறங்கி ஆடத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பைசா செலவில்லை. ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், திங்கட்கிழமை விடுமுறை.

விசா விஷயம்: 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். சலுகை நீடிக்கிறதா என்று டிக்கெட் போடுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மலேசியாவில் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனியாக ஒன்று, மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்கு மே மாதம்தான் லீவு. ரெடாங்கா, பெர்ஹந்தியானா?
– வாசகர், கரூர்

பதில்: மே மாதம் இரண்டு தீவுக்கும் நல்ல காலம். கைக்குழந்தை இருந்தால் ரெடாங். விடுதிக்காரர்களே படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் என் ஓட்டு பெர்ஹந்தியானுக்கு. கோத்தா பாரு வரை விமானம், காரில் குவாலா பெசுட், அங்கிருந்து படகு. அதில் இரண்டு தீவு உண்டு: குடும்பத்தோடு போகிறவர்கள் பெசாரில் தங்குங்கள், கெச்சில் இளவட்டங்களின் இடம், ராத்திரி பாட்டுச் சத்தம் ஓயாது. தீவில் ஏடிஎம் கிடையாது. படகேறும் முன்பே வெள்ளியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.